ஐயாயிரம் பேருக்கு ரசிகர் மாநாடு: வியாசர்பாடித் தம்பிக்கு என் பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன், காமிக்ஸ், கேமிங் என்று பித்துப் பிடித்த பன்னிரண்டு பேர் சேர்ந்து போன வருடம் பெரம்பூரில் ஒரு சின்ன மண்டபத்தை எடுத்து ஒருநாள் கூடுகை நடத்தினார்களாம். 400 பேர் வந்திருக்கிறார்கள். இந்த வருடம் இரண்டு நாள், 5,000 பேர் என்று திட்டம். ஒரு கம்பெனி ஆறு லட்சம் தருவதாகச் சொல்கிறது. பதிலுக்கு நிகழ்ச்சியின் பெயரோடு அவர்கள் பெயரும் ஒட்டியிருக்க வேண்டும், அனுமதி இலவசமாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாகச் செய்யலாம், எப்படி நடத்துவது, இந்தப் பணத்தை வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் தண்டையார்பேட்டைக்காரன். பதினைந்து வருடமாகப் புத்தகக் கடை விரிப்பது, காமிக்ஸ் வாசகர் சந்திப்புக்கு நாற்காலி போடுவது, மண்டபக்காரரிடம் மீதி அட்வான்ஸைத் திரும்ப வாங்க மல்லுக்கட்டுவது என்று இதிலேயே கிடக்கிறேன். அதனால் சுற்றி வளைக்கவில்லை. 5,000 வேண்டாம். ஒரு நாளைக்கு 750, இரண்டு நாளுக்கு 1,500 போதும். அந்த ஆறு லட்சம் முதல் நாள் ராத்திரி இல்லை என்று ஆனாலும் மறுநாள் காலை கதவு திறக்கிற மாதிரி கணக்குப் போடுங்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

உங்கள் 400 சின்ன எண் என்று நினைக்காதீர்கள். இன்று 1,30,000 பேருக்கு மேல் கூடும் சான் டியாகோ காமிக்-கான் 1970-இல் ஒரு ஹோட்டலில் சுமார் 300 பேரோடு தொடங்கியது. அறிவியல் புனைகதை ரசிகர்களின் வேர்ல்ட்கான் 1939-இல் நியூயார்க்கில் கூடியபோது ஏறக்குறைய 200 பேர். ரசிகர்கள் தாங்களே வரைந்த காமிக்ஸை விற்கும் டோக்கியோவின் காமிக்கெட் சந்தை 1975 டிசம்பரில் 32 ரசிகர் குழுக்களோடும் சுமார் 700 வாசகர்களோடும் ஆரம்பித்தது. 2019 டிசம்பரில் அதே காமிக்கெட்டுக்கு நான்கு நாளில் ஏழரை லட்சம் வருகை. எண்ணிக்கையில் நீங்கள் இவர்களில் இரண்டு பேருக்கு முன்னாலேயே நிற்கிறீர்கள். ஆனால் இந்த மூன்றில் எதுவும் ஒரே வருடத்தில் பன்னிரண்டு மடங்கு தாவவில்லை. ஒவ்வொரு வருடமும் எங்கே இடித்தது என்று பார்த்து, அதைச் சரி செய்து, அப்புறம்தான் அடுத்த படி ஏறினார்கள்.

சரி, 750 எங்கிருந்து வந்தது? முதலில் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள். நாள் முழுக்க வந்து போனவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. போஸ்டரில் போடுவது முதல் எண். ஆளை நசுக்குவது இரண்டாவது.

நம் பக்கத்தில் நடுத்தர மண்டபம் என்றால் மேலே 6,000 சதுர அடி ஹால், கீழே 4,000 சதுர அடி டைனிங் ஹால் என்று வைத்துக்கொள்வோம். மேலே மேடை நிகழ்ச்சி, கீழே கடைகள். மேடை, கடை மேசைகள், ஒலிபெருக்கிச் சாமான், வாசலில் பதிவு மேசை எல்லாம் சேர்ந்து பத்தில் நான்கு பங்கை விழுங்கிவிடும். நடக்க, நிற்க மிஞ்சுவது 6,000 சதுர அடி, அதாவது சுமார் 557 சதுர மீட்டர். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005 பதிப்பு இருக்கை போடாத கூட்டக் கூடத்தில் ஒருவருக்கு 1.5 சதுர மீட்டர் என்று வைத்தது. அது மொத்தத் தரைப்பரப்புக்கான கணக்கு. நான் கடை, மேடை கழித்த இடத்துக்கே அதைப் போடுவேன், ஏனென்றால் உங்கள் ஆட்கள் அட்டைச் சிறகும் ஐந்தடி வாளும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். 557-ஐ 1.5-ஆல் வகுத்தால் 370 பேர். ஒரே நேரத்தில் உள்ளே அவ்வளவுதான்.

ஒருவர் சராசரியாக மூன்று மணி நேரம் இருப்பார், ஒன்பது மணி நேரம் நடத்துகிறீர்கள் என்றால் மூன்று முறை கூட்டம் மாறும், 1,100 பேரை விடலாம் என்று யாராவது சொல்வார்கள். காகிதத்தில் சரி. நிஜத்தில் காலை பத்து மணிக்கு நூறு பேர் வருவார்கள், காஸ்ப்ளே போட்டி, அதாவது கதாபாத்திர வேடப் போட்டி நடக்கும் நாலு மணிக்கு எல்லோரும் வருவார்கள், போட்டி முடிகிறவரை ஒருவர்கூட வெளியே போகமாட்டார். அதனால் மூன்றை இரண்டாக்குங்கள். 740 வரும், 750 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மண்டபம் வேறு அளவாக இருந்தால் எண் மாறும், வழி மாறாது. 5,000 பேர் வேண்டுமென்றால் இதே மாதிரி மூன்று மண்டபங்களுக்கு மேல் வேண்டும், இரண்டு நாளும்.

அடுத்து படிக்கட்டு. பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்கென்று ஒரு பாதுகாப்பு வழிகாட்டி உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் கடக்கலாம் என்பது அதன் கணக்கு. உங்கள் மண்டபப் படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் நிமிடத்துக்கு 99 பேர். மேலே 250 பேர் இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். நல்ல சேதிதான், எல்லோரும் ஒரே திசையில் இறங்கினால். கீழே இருந்து அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் ஏறினால் அந்த 99 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு மண்டபத்தில் சந்திப்பு வைத்தோம். மேலே ஓவியர் ஒருவரின் பேச்சு ஒரு மணிக்கு முடிந்தது. ஒரு மணிக்கே கீழே சாப்பாட்டு டோக்கன். அவரே கையெழுத்துப் போட உட்காருவதும் ஒரு மணிக்கு, அதுவும் படிக்கட்டின் அடியில்! அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மேசையைப் போட்டவன் நான்தான். மேலிருந்து பசியோடு ஒரு கூட்டம், கீழிருந்து இடம் பிடிக்க ஒரு கூட்டம், நடுவில் மூன்றடி அட்டைச் சிறகோடு ஒரு பையன் கம்பிப்பிடியில் சிக்கிக்கொண்டு ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நிற்கிறான். சிறகைப் பிய்த்துத்தான் அவனை எடுத்தோம். அழுதுவிட்டான். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அந்த நாலு நிமிடத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அன்று உள்ளே இருந்தது 300 பேர்கூட இல்லை.

அதிலிருந்து மூன்று பழக்கம் வந்தது. மேடை நிகழ்ச்சியும் சாப்பாடும் ஒரே நேரத்தில் முடியவோ தொடங்கவோ கூடாது, நடுவே அரைமணி விட வேண்டும். எதற்காக வரிசை நிற்குமோ அது படிக்கட்டுக்கும் கதவுக்கும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு படிக்கட்டு இல்லாத மண்டபத்தில் மேல்மாடியை எடுப்பதில்லை.

வாசலையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டை ஸ்கேன் செய்து, கையில் ரிஸ்ட் பேண்ட் கட்ட ஒருவருக்குப் பதினைந்து வினாடி. ஒரு மேசையில் நிமிடத்துக்கு நாலு பேர். திறக்கும்போது 400 பேர் நின்று, உங்களிடம் இரண்டு மேசை இருந்தால் கடைசி ஆள் உள்ளே வர 50 நிமிடம். வெயிலில், தெருவில், பக்கத்துக் கடைக்காரர் திட்டத்திட்ட. மேசையை நாலாக்குங்கள், டிக்கெட்டிலேயே வரும் நேரத்தைக் காலை, மதியம் என்று பிரித்துவிடுங்கள். பாதி பிரச்சினை அங்கேயே கரைந்துவிடும்.

இப்போது இலவசம். அந்தக் கம்பெனிக்கு இலவசம் ஏன் வேண்டும் என்பது புரிகிறது, தலை எண்ணிக்கை காட்ட வேண்டும். ஆனால் இலவசம் என்றால் எத்தனை பேர் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியாது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு, சுமார் 35,000 பேர் கொள்ளும் சின்னசாமி மைதானத்தைச் சுற்றி லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள். வாசல்களில் நெரிசல், 11 பேர் செத்தார்கள். யாருக்கு அனுமதி, பாஸ் வேண்டுமா வேண்டாமா என்ற குழப்பமும் அதில் ஒரு காரணம். வந்தவர்கள் எல்லோரும் ரசிகர்கள், உங்களையும் என்னையும் மாதிரி. காசு வாங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். 2023 செப்டம்பரில் பனையூரில் நடந்த இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போகவே முடியாமல் திரும்பினார்கள். டிக்கெட்டின் முதல் வேலை ஆளை எண்ணுவது, வசூல் அதற்கு அப்புறம்தான். சென்னைப் புத்தகக் காட்சியின் பத்து ரூபாய் டிக்கெட்டும் அந்த எண்ணும் வேலையைச் செய்தது.

காமிக்கெட் இலவசமாகத்தானே நடந்தது என்று கேட்பீர்கள். உண்மை. 2019 கோடைக்கு முன்பு வரை அங்கே நுழையக் கட்டணம் கிடையாது, மேசை எடுக்கும் குழுக்களின் கட்டணத்திலும் தடித்த விவரப் புத்தக விற்பனையிலும் அது ஓடியது. ஆனால் அங்கே ‘வாடிக்கையாளர்’ என்று யாரையும் சொல்வதில்லை. விற்பவர், வாங்குபவர், வரிசையைப் பார்ப்பவர் எல்லோரும் பங்கேற்பாளர்கள். பத்தாயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து, சொன்னதும் எழுந்து, சொன்ன திசையில் நடப்பார்கள். அந்த ஒழுங்கு நாற்பது வருடத்தில் வந்தது. நம் பையன்கள் நல்லவர்கள்தான், ஆனால் போன வருடம்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள்.

இடம், தேதி பற்றிக் கொஞ்சம். நந்தம்பாக்கத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2024 பிப்ரவரியில் காமிக் கான் இந்தியா முதல் முறையாகச் சென்னைக்கு வந்து டிரேட் சென்டரில் நடந்தது. அது கம்பெனி நடத்துவது, பெரிய பிராண்டுகளின் பணம், அனுபவப்பட்ட ஆட்கள். அதைப் போய்ப் பாருங்கள், ரசியுங்கள், அளவை மட்டும் காப்பியடிக்காதீர்கள். நம் பக்கத்துப் பையன் அங்கே போய்வர அரை நாளும் அம்மாவிடம் வாங்கிய காசில் பாதியும் போய்விடும். அவன் நடந்து வரக்கூடிய இடத்தில் நடத்துவதுதானே உங்கள் பலம்? 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த மண்டபமும் நகரத்துக்கு எட்டாத இடமில்லை. பெரம்பூர் பக்கம் என்றால் மாதவரம் தடத்து மெட்ரோ வேலைக்காகச் சாலை எங்கெல்லாம் மறித்திருக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தேதிக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன், மண்டபக்காரர்களுக்கு மட்டும் இது ரகசியமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. முகூர்த்த நாளில் உங்களை மதிக்காத மேனேஜர் ஆடி மாதத்தில் காபி வாங்கிக் கொடுப்பார், வாடகையும் நன்றாக இறங்கும். மார்கழிக்கு ஒரு பயம் உண்டு. டிசம்பர் மழை இன்னும் முடிந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்பதை வியாசர்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஆடி. ஆனால் ஆடி ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், பந்தல் போட்டுத் தெருவை அடைத்திருப்பார்கள், ஒலிபெருக்கி வேறு. மண்டபத்துக்குப் பக்கத்துக் கோயில் விழாக் குழுவிடம் எந்த ஞாயிறு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர்களோடு மோதினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

கல்யாண மண்டபத்தில் நமக்கென்றே கட்டினாற்போல ஒரு வசதி உண்டு. மணமகள் அறையும் மணமகன் அறையும் காஸ்ப்ளே ஆட்கள் உடை மாற்றும் அறைகளாகிவிடும். கண்ணாடி, ஏ.சி., உள்ளே கழிப்பறை, வெளியே தாழ்ப்பாள். பெண்கள் அறை வாசலில் எப்போதும் ஒரு பெண் வாலண்டியர் இருக்க வேண்டும். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் நாலு இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டினால் போதாது, மீறியவனை வெளியே அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்று பெயர் சொல்லி முடிவு செய்திருக்க வேண்டும். நிகழ்ச்சியின் முக்கியஸ்தருக்கு வேண்டியவன் என்பதால் ஒருவனை விட்டுவிட்டால் அடுத்த வருடம் பெண்கள் வரமாட்டார்கள். வராததற்குக் காரணமும் சொல்லமாட்டார்கள்.

ஆட்கள். உள்ளே இருக்கும் 20 பேருக்கு ஒரு வாலண்டியர் என்பது என் வழக்கம். 370 பேருக்கு 18, 19 பேர் எந்த நேரத்திலும் நின்றுகொண்டிருக்க வேண்டும். நாலு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிற்க வைக்காதீர்கள். அப்படியென்றால் இரண்டு ஷிப்ட், 38 பேர். சாமான் ஏற்றி இறக்க ஏழெட்டுப் பேர். மொத்தம் 45. உங்களிடம் இப்போது பன்னிரண்டு. வாட்ஸாப்பில் தம்ப்ஸ்-அப் போட்டவர்களை இதில் சேர்க்காதீர்கள், போன வருடம் கூட்டம் முடிந்து நாற்காலி மடக்க நின்றவர்களை மட்டும் எண்ணுங்கள். உண்மையைச் சொன்னால், இடத்தைவிட இந்த எண்தான் உங்கள் அளவை முடிவு செய்யும். 45 பேர் சேரவில்லை என்றால் 750-ஐயும் குறையுங்கள்.

பணத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் கூழ் ஊற்றுவது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ரசீது புத்தகத்தோடு நாலு பேர் வீடு வீடாகப் போவார்கள். ஐம்பது, நூறு, ஐநூறு. கேழ்வரகும் அரிசியும் அந்தக் காசில் வாங்கியாகிவிடும். அப்புறம் ஒரு பெரிய மனிதர் வருவார், சீரியல் லைட்டும் மைக் செட்டும் தன் உபயம் என்பார். சந்தோஷம். அவர் கோபித்துக்கொண்டு போனால் லைட் எரியாது, ஆனால் கூழ் கொதிக்கும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பங்களில் இன்னும் தெளிவு. தலைக்கட்டு வரி கட்டினவனுக்கு விழாவில் பேச உரிமை உண்டு.

வேர்ல்ட்கான் எண்பது வருடத்துக்கு மேலாக ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது. அங்கே டிக்கெட் என்பதைவிட உறுப்பினர் கட்டணம் என்பதுதான் வழக்கு. வர முடியாதவரும் சிறிய தொகை கட்டி உறுப்பினராகலாம், அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்கு வாக்களிக்கலாம், ஊருக்கு வர முடியாதவன் துபாயிலிருந்து திருவிழா வரி அனுப்புகிற மாதிரி. அடுத்து எந்த ஊரில் நடத்துவது என்பதையும் உறுப்பினர்களே வாக்களித்து முன்கூட்டி முடிவு செய்கிறார்கள். சீக்கிரம் சேர்ந்தவருக்குக் கட்டணம் குறைவு, நாள் நெருங்க நெருங்கக் கூடும். அதனால் மண்டப அட்வான்ஸுக்கான காசு முன்னாலேயே கைக்கு வந்துவிடுகிறது. நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். ஒவ்வொரு வருடமும் தனிக் குழு. மிச்சம் வந்தால் ஒரு பங்கை அடுத்து நடத்தப் போகும் குழுக்களுக்குத் தருவது வழக்கம்.

உங்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுத் தருகிறேன். எண்கள் என் உத்தேசம்தான், மண்டபத்தில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆடியில் இரண்டு நாள் மண்டப வாடகை 1,80,000. இ.பி., ஜெனரேட்டர் டீசல், கிளீனிங் 50,000. மேடை ஒலி, ஒளி, திரை 80,000. வாலண்டியர் சாப்பாடு, டீ 25,000. ரிஸ்ட் பேண்ட், அச்சு வேலை 25,000. விருந்தினர் பயணம், தங்கல் 40,000. முதலுதவி, வாசல் காவல் 30,000. ஆக 4,30,000. இதற்கு மேல் பத்து சதவீதம் எதிர்பாராத செலவுக்கு. அதைப் போடாமல் விட்டவர் எல்லோரும் கடைசியில் சொந்த மோதிரத்தை அடகு வைத்திருக்கிறார்கள். 4,73,000, முழுசாக 4,75,000 என்று வையுங்கள்.

வரவு. ரசிக ஓவியர்களுக்கு 20 மேசை, தலா 2,000. கடைக்காரர்களுக்கு 10 ஸ்டால், தலா 12,000. சேர்த்து 1,60,000. மீதி 3,15,000 ரசிகர்களிடமிருந்து வர வேண்டும். 150 பேரை ஆயிரம் ரூபாய் உறுப்பினராக்குங்கள். இரண்டு நாள் அனுமதி, ஒரு டி-ஷர்ட் வேண்டாம், ஒரு நல்ல பேட்ஜ், அடுத்த வருடத் திட்டத்தில் ஓட்டு. 1,50,000. பாக்கி 1,65,000-க்கு 250 ரூபாய் ஒருநாள் டிக்கெட் 660 விற்றால் போதும். உறுப்பினர்கள் இரண்டு நாளும் வருவதால் 300 இடம், டிக்கெட் 660 இடம், ஆக 960. மொத்தம் 1,500 இடத்தில் 64 சதவீதம் நிரம்பினாலே கையைக் கடிக்காது. மழை வந்தாலும், மேட்ச் இருந்தாலும் அவ்வளவு வந்துவிடுவார்கள். முழுசாக நிரம்பினால் 1,35,000 மிஞ்சும். அது விதைநெல். அதைப் பிரித்துக்கொள்ளவும் கூடாது, வெற்றி விழா பிரியாணியாக ஆக்கவும் கூடாது.

இந்தக் கணக்கில் ஸ்பான்சர் எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, சீரியல் லைட்டாக வரட்டும். எங்களுக்கு ஒரு வருடம் பாதிச் செலவை ஏற்பதாகச் சொன்ன ஒருவர் நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்பு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பேனரில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. கருப்பு டேப் ஒட்டி மறைத்தோம், அது துக்க வீட்டு அறிவிப்பு மாதிரி இருந்தது. அந்த வருடக் கடனை அடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. இதற்கும் மேலே போனது அமெரிக்காவில் 2014-இல் நடந்த டாஷ்கான் என்ற ரசிகர் கூடுகை. முதல் நாள் மாலையே, ஹோட்டலுக்குக் கட்ட 17,000 டாலர் உடனே வேண்டும் என்று வந்த ரசிகர்களிடமே மேடையிலிருந்து கையேந்தினார்கள். அழைத்த விருந்தினர் சிலர் கிளம்பிப் போனார்கள். ஈடாக ரசிகர்களுக்குக் கொடுத்தது, பிளாஸ்டிக் பந்து நிரப்பிய ஒரு சின்னத் தொட்டியில் கூடுதலாக ஒரு மணி நேரம். பத்து வருடம் கழித்தும் அந்தத் தொட்டியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆறு லட்சக்காரரிடம் இப்படிப் பேசுங்கள்: பெயர் தலைப்பில் வராது, மேடைக்கு வலப்பக்கம் வரும். அனுமதி இலவசம் கிடையாது. வேண்டுமென்றால் மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு 200 டிக்கெட்டை அவரே வாங்கித் தரட்டும், பிள்ளைகள் வருவார்கள், எண்ணிக்கையும் நம் கையில் இருக்கும். பாதிப் பணம் கையெழுத்தன்று, மீதி பதினைந்து நாள் முன்பு. வந்த பணத்தை மட்டும் செலவு செய்யுங்கள், வரப்போகும் பணத்தில் விருந்தினரைக் கூப்பிடாதீர்கள். இதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, கணக்கில்தான் அவர் இல்லையே.

பணம் யார் பெயரில் வாங்குவது? யாராவது ஒரு பையனின் ஜி-பே எண்ணில் வாங்காதீர்கள். நட்பும் போகும், அவன் வங்கிக் கணக்கும் சிக்கலாகும். 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம். சங்கத்தின் பெயரில் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து. ஜி.எஸ்.டி. பதிவு என்பது சேவைக்கு வருடம் 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் வரும், ஆனாலும் ஒரு ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துவிடுங்கள். முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவை உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்புங்கள், டீச் செலவு உட்பட.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்து அனுமதி வாங்குங்கள், தீயணைப்புத் துறைச் சான்று மண்டபத்துக்கு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், வெளியே ஒலிபெருக்கி என்றால் இரவு பத்து மணியோடு சரி, பாட்டுப் போட்டால் உரிமம் யார் பொறுப்பு என்று மண்டபத்திடம் கேளுங்கள். விண்ணப்பத்தில் ‘மாநாடு’ என்று எழுதாதீர்கள். எந்தக் கட்சி என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும். ‘காமிக்ஸ் கண்காட்சி, வாசகர் சந்திப்பு’ என்று எழுதுங்கள். நுரை வாளும் அட்டைத் துப்பாக்கியும் வரும் என்பதையும் இரண்டு போட்டோவோடு சொல்லிவிடுங்கள். மெட்ரோ வாசலில் ஒரு பையன் வாளோடு மாட்டினால் அப்போது காட்ட அந்தக் கடித நகல் உதவும்.

கடைசியாக ஒன்று. மண்டபம் பார்க்கப் போகும்போது காலி நாளில் போகாதீர்கள். காலியாக இருக்கும் எந்த ஹாலும் கடல் மாதிரிதான் தெரியும். ஒரு முகூர்த்த நாளில், மதியம் பன்னிரண்டரை மணிக்கு, இரண்டாம் பந்திக்கு ஆள் ஏறி முதல் பந்தி இறங்குகிற நேரத்தில் போய், படிக்கட்டின் அடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். யாராவது கேட்டால் பெண் வீடு என்று சொல்லிக்கொள்ளலாம்.